ஐந்தாம் தடத்தில் நிற்கும் வீடு

சமூகமளித்தோர்:

வீதிக் கொள்ளளவு மதிப்பீட்டு அலகின் பணிப்பாளர், கலாநிதி பூபாலபிள்ளை (தலைமை).
அலகின் உதவிப் பொறியியலாளர், செல்வி வதனி.
கண்ணாமுனைச் சோதனைச் சாவடியின் சார்ஜன் (பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயர் பதியப்படவில்லை).
விவசாயிகள் சார்பில், சீனித்தம்பி.
மீன் வியாபாரிகள் சார்பில், மஜீட்.
வீட்டுக்காரர் ஒருவர்.

சமூகமளிக்காதோர்: வாகனங்கள்.

கடைசியில் வரும் வீட்டுக்காரரின் பெயர் ஏர்ல். மட்டக்களப்புப் பறங்கியர், தொழில் மரவேலை. ஊரில் ஓடாவியார் என்று கூப்பிடுவார்கள். கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. கண்ணாமுனைப் பல்நோக்கு மண்டபத்தின் கதவில் பிணைச்சல் கழன்றுவிட்டது, பணிப்பாளர் வருமுன் பொருத்தித் தாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். திருப்புளியும் கையுமாக வந்தவரை வதனி பிடித்து உட்கார வைத்தாள். பொதுமக்கள் கலந்துரையாடல் என்றால் பொதுமக்கள் மூன்று பேராவது வேண்டும். இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள்.

அது 2009 ஆவணி மாதம். யுத்தம் வைகாசியில் முடிந்திருந்தது. முடிந்த செய்தி வானொலிக்கு வந்தது, பத்திரிகைக்கு வந்தது, கோயில் ஒலிபெருக்கிக்கும் வந்தது. கண்ணாமுனைச் சோதனைச் சாவடிக்கு, ஊர்ப் பேச்சில் சென்ரிக்கு, மட்டும் எழுத்தில் வரவில்லை. ஆகவே மணல் மூட்டைகளும் குறுக்கு மரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழுகாமத்திலிருந்து வரும் பஸ் குறுக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும். சனம் இறங்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கும். பஸ் வெறுமையாக ஊர்ந்துபோய் அந்தப் பக்கம் நிற்கும். சனம் ஏறும். சைக்கிள்காரர் இறங்கி உருட்டுவார்கள். மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மட்டைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தி, இறங்கி உருட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சிகூட ஓட்டோவை விட்டு இறங்கி, நடந்து, மறுபடி ஏறுவாள். இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. மழை வந்தால் குடை பிடிப்பது. சென்ரி வந்தால் இறங்குவது.

இந்த வீதியில் ஒரு தடம் எத்தனை வாகனத்தைத் தாங்கும் என்று மதிப்பிடத்தான் அலகு வந்திருந்தது. முதலாவது கணிப்புப் போன மாதமே நடந்துவிட்டது. எண்ணுகிறவர்கள் கூடாரம் அடிக்க ஒரேயொரு இடத்துக்குத்தான் பாதுகாப்பு அனுமதி கிடைத்தது. அது சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில்.

அலகிடம் ஒரு கையேடு இருந்தது. அதில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பெறுமதி. கார் என்றால் ஒன்று. பஸ் இரண்டரை. சைக்கிள் கால். மாட்டு வண்டி எட்டு, ஏனென்றால் அது எட்டுக் காரின் வழியை மறிக்கிறது. ஆனால் ஒருவன் ஏறி மிதித்தால்தான் சைக்கிள். இறங்கி உருட்டினால் அவன் ‘சுமையுடன் கூடிய பாதசாரி’. கண்ணாமுனையில் எல்லோரும் உருட்டினார்கள். வட்டை வயலுக்குப் போகிற கமக்காரர், மீன் பெட்டி கட்டிய வியாபாரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சுமையுடன் கூடிய பாதசாரிகள். பஸ், ‘வெற்றுப் பேருந்து’.

பணிப்பாளர் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

“அன்பர்களே, கொள்ளளவு என்பது மிக எளிய விடயம். நான் மூன்று வருடம் வெளிநாட்டில் இதைப் படித்தேன். ஒரு வாகனத்துக்கும் அடுத்த வாகனத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதனால் ஒரு மணித்தியாலத்தை வகுங்கள். கொழும்பிலே இரண்டு செக்கன். ஆகவே அங்கே ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரத்து எண்ணூறு வாகனம் போகலாம். கண்ணாமுனையிலே ஆறு நிமிடம். ஆகவே பத்து. இந்தத் தடத்தின் கொள்ளளவு வெறும் பத்து! வருவதோ பதினைந்து, பதினெட்டு. இந்த வீதி நிரம்பி வழிகிறது, அன்பர்களே. கொழும்பில்கூட இப்படியொரு நெரிசலை நான் கண்டதில்லை.”

சீனித்தம்பி யன்னலால் வெளியே பார்த்தார். நடுவீதியில் ஒரு நாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது.

“ஐயா, அந்த ஆறு நிமிசம் எதுக்குப் போகுதெண்டு பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பார்த்தோம். ஆழமாக ஆய்வு செய்தோம். இப்பகுதி மக்கள் போகிற பேருந்தை நிறுத்தி, இறங்கி, சிறிது தூரம் நடந்து, மீண்டும் ஏறும் மரபுடையவர்கள். அந்த மரபை அலகு மதிக்கிறது. அதைக் குலைக்காமல் வீதியை அகலமாக்குவதுதான் எமது நிலைப்பாடு.”

“மரபில்ல ஐயா, அது சென்ரி,” என்றார் மஜீட்.

ஒலிவாங்கி தானாக நின்றுவிட்டது. பணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சொல் கையேட்டில் இல்லை. கையேட்டில் ‘இயற்கைத் தடை’ என்று ஒன்று இருக்கிறது. ஆறு, மலை, பெரும்பாறை முதலியன. அங்கே ஓர் இயற்கைத் தடை இருப்பதாகப் பதிந்திருக்கிறோம்.”

எல்லோரும் சார்ஜனைப் பார்த்தார்கள். இயற்கைத் தடை இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறார்களே என்று ஒரு மரியாதைக்குச் சிரித்தது.

“ஆகவே நான்கு தடம்,” என்று பணிப்பாளர் முடித்தார். வதனி சுவரில் வரைபடத்தை விரித்தாள். கறுப்புக் கோடு இப்போதைய வீதி. சிவப்புக் கோடுகள் வரப்போகிற வீதி. ஏர்ல் எழும்பிக் கிட்டப் போனார். திருப்புளி நுனியால் ஒரு சிவப்புக் கோட்டைத் தொட்டார்.

“இதென்ன ஐயா, என்ர குசினிக்குள்ளால போகுது?”

“உங்களுடைய குசினி நாலாம் தடத்தில் இருக்கிறது,” என்றார் பணிப்பாளர். குசினிதான் அடுப்போடு இரவோடிரவாக வந்து ஏறி நின்றதுபோல அவருடைய குரல் இருந்தது.

ஏர்லின் முந்திய வீடு கடலோரத்தில் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. மிஞ்சியது முன்கதவின் பித்தளைப் பூட்டு மட்டும், அதுவும் அரை மைல் தள்ளி ஒரு தென்னையில் கதவுத் துண்டோடு சிக்கிக் கிடந்தது. அதைத் திறக்கும் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில் இருந்தது. பிறகு நாலு வருடத்துக்கு மேல் அவரும் மனைவி ஜீனும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டபோது, வாவிக்கு அந்தப் பக்கம் என்று ஜீன் சொன்னாள். அப்படித்தான் வாவியின் மேற்கே, கண்ணாமுனையில், வீதியோரமாக அவர்களுக்கு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, கதவைவிடப் பெரிய நன்கொடையாளர் பெயர்ப் பலகை. அவர்கள் போட்ட கதவு முதல் மழைக்கே ஊதிப்போனது. ஏர்ல் அதைக் கழற்றி எறிந்துவிட்டு முதிரை மரத்தில் ஒரு கதவு செய்தார். சாத்தினால் இடுக்கில் ஒரு கடதாசித் தாள்கூட நுழையாது. தண்ணீரும் நுழையக் கூடாது என்பது அவருடைய எண்ணம். அதில் அந்தப் பழைய பூட்டை வைத்தார்.

இப்போது அந்த வீடு நாலாம் தடத்தில் இருந்தது.

“ஐயா, நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாசம். திரும்பக் கொட்டிலுக்குப் போகச் சொல்றீங்களா?”

“அபிவிருத்தி என்றால் சில அசௌகரியங்கள் இருக்கும். கடல் வந்தபோது நீங்கள் ஆட்சேபம் தெரிவித்தீர்களா?”

“இல்ல.”

“அதே மனப்பக்குவத்தை அலகும் எதிர்பார்க்கிறது.”

கூட்டம் கலைந்த பிறகு வதனி ஏர்லிடம் வந்தாள். “அங்கிள், ஒரு தடவ மீள்கணிப்புக் கேக்கலாம். அண்டைக்கு வாகனம் குறைவா வந்தா இந்த வீதிக்கு உள்ள ரெண்டு லேனே போதும் எண்டு எழுதலாம். பணிப்பாளர் சேராலயும் ஒண்டும் செய்யேலாது.”

ஏர்ல் கேட்டார். மீள்கணிப்புக்கு ஒரு புதன்கிழமை குறிக்கப்பட்டது.

நாள் குறித்த அன்று பின்னேரம் மஜீடின் மீன் வாடியில் ஏர்லும் சீனித்தம்பியும் மஜீடும் இருந்தார்கள்.

“புதன்கிழமை ஒருத்தரும் வீதியில ஏறக் கூடாது,” என்றார் ஏர்ல். “ஒரு நாள்தான். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் தோணி.”

“மீன் தோணியில வந்து திரும்பத் தோணியிலயே போறதா? மீனே சிரிக்கும் ஓடாவியார்,” என்றார் மஜீட்.

“மஜீட் காக்கா,” என்றார் ஏர்ல், “நாலு லேன் வந்தா நாலு சென்ரி வரும். யோசிச்சுப் பாருங்க.”

மஜீட் யோசித்தார். “ஒரு சென்ரியிலயே பெட்டியத் திறந்து ஒவ்வொரு மீனையும் திருப்பிப் பாக்கான். நாலாவது சென்ரிக்குப் போகக்குள்ள அது கருவாடு. செரி, நான் வரல்ல.”

“எனக்கு லேன்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒண்டு இரிக்கி,” என்றார் சீனித்தம்பி. “அதத் தோணியில ஏத்தேலாது. வீட்டுல நிக்கட்டும். பஸ்காரனுக்கு நான் சொல்றன். அவன்ட பஸ் பழுதாகாத நாளச் சொன்னாத்தான் அதிசயம்.”

ஊர் ஒத்துக்கொண்டது. ஏர்ல் கதவு போடாத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. புதன்கிழமை விடியும்போதே சனம் வாவிக்கரையில் கூடிவிட்டது. தோணிகள் போய்வந்தன. கண்ணாமுனை வீதியில் ஒரு சைக்கிள் இல்லை, ஒரு மாடு இல்லை. நாயையும் யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூடாரத்தில் வதனி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். வீட்டு வாசலில் ஏர்ல் நின்று வெறும் வீதியைப் பார்த்தார். அவ்வளவு அழகான வீதியை அவர் கண்டதில்லை.

சார்ஜனும் அந்த வீதியைப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மணல் மூட்டைமேல் வைத்தார்.

அந்தப் பக்கத்தில் இருபது, முப்பது வருடமாக வெறும் வீதிக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. சனத்துக்கு ஏதோ தெரியும். அதனால்தான் சனம் இல்லை. யுத்தம் முடிந்தது என்று எழுத்தில் வராத ஒரு மனிதர் வேறு என்ன நினைப்பார்? அவர் ஏர்லின் வாசலுக்கு வந்தார். துப்பாக்கியை மரியாதையாக ஒருபக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார்.

“ஐயா, ஆக்கள் எல்லாம் எங்க?”

“தோணியில.”

“ஏன் தோணி?”

“வீதியில வாகனம் எண்ணுறாங்க சார்ஜன்.”

சார்ஜன் இதை மனத்துக்குள் சிங்களத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வாகனம் எண்ணுகிறார்கள், ஆகவே வாகனத்தை ஒளித்துவிட்டுத் தோணியில் போகிறார்கள். எந்த மொழியிலும் அது நல்ல விளக்கமாக இல்லை. அவர் திரும்பிப் போய் முகாமுக்குத் தகவல் கொடுத்தார்.

முதலில் ஒரு ட்ரக் வந்தது. பிறகு நாலு. பிறகு கவச வாகனம் ஒன்று, அதற்கு வழிவிட முடியாமல் குறுக்கே நின்ற தண்ணீர் பவுசர் லொறி ஒன்று. மறுபக்கத்து முகாமுக்கும் செய்தி போயிருந்ததால் அங்கிருந்தும் வந்தன. இரண்டு பக்கத்து வாகனங்களும் குறுக்கு மரத்தடியில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்னால் வந்தவை பின்னாலேயே நின்றன. கண்ணாமுனையில் அப்படியொரு நெரிசலை யாரும் கண்டதில்லை. அதன் நடுவில், முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், கணிப்பைப் பார்வையிட வந்த பணிப்பாளரின் வெள்ளைப் பஜிரோ மாட்டிக்கொண்டது. மத்தியானம் வரை அவர் அதற்குள் இருந்தார்.

படையினர் வீடு வீடாகத் தட்டினார்கள். கட்டிலின் கீழ் பார்த்தார்கள், கிணற்றுக்குள் பார்த்தார்கள். ஏர்லின் வீட்டில் ஒன்றும் இல்லை. போகும்போது சார்ஜன் கதவைத் தடவிப் பார்த்தார்.

“ஹொந்த கதவு, நல்ல கதவு,” என்றார். “நீங்க செஞ்சதா?”

“ஓம்.”

“எங்கட அம்மாவுட வீட்டுக்கும் இப்பிடி ஒண்டு வேணும்.”

கூடாரத்தில் வதனி திணறிக்கொண்டிருந்தாள். முன்னால் வாகனம் நிரம்பி நிற்கிறது. ஆனால் பாதுகாப்பு வாகனங்களை எண்ணக் கூடாது என்பது அலகின் முதல் விதி. பணிப்பாளரின் பஜிரோவையும் எண்ண முடியாது, அது கணிப்பு வாகனம். மாலையில் அவள் கொடுத்த பெறுபேறு: பூச்சியம்.

அடுத்த கூட்டத்துக்கு ஏர்ல் வெள்ளைச் சேட்டு அணிந்து வந்தார். ஜீனையும் கூட்டி வந்தார். பூச்சியத்தைவிடக் குறைந்த ஒரு எண் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வென்றுவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

“பூச்சியம்,” என்று பணிப்பாளர் தொடங்கினார். வதனியின் தாளை இரு கையாலும் உயர்த்திப் பிடித்தார். “அன்பர்களே, என் சேவைக்காலத்தில் முதல் தடவையாக ஒரு பூச்சியத்தைப் பார்க்கிறேன். பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு வீதியில் மணிக்குப் பூச்சியம் வாகனம் போகிறது என்றால் அதற்கு இரண்டே காரணம். ஒன்று, வீதியில் வாகனம் இல்லை. மற்றது, வீதி முற்றாக அடைபட்டு ஒன்றும் அசையவில்லை. எண் இரண்டுக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் எது உண்மை? அறிஞர்கள் இதைத் தூர நின்று வாதிடுவார்கள். நான் வாதிடவில்லை. நான் அதற்குள் இருந்தேன்!”

“சேர்,” என்றாள் வதனி, “காலையில ஒரு வாகனமும் வரல்ல. வீதி வெறுமையாத்தான் கிடந்தது. அதுக்குப் பிறகு வந்ததெல்லாம்...”

“எதெல்லாம்?”

வதனி சார்ஜனைப் பார்த்தாள். சார்ஜன் கூரையைப் பார்த்தார்.

“ஒண்டும் வரல்ல சேர்.”

“ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் மத்தியானம் வரை நகரவில்லை. ஆகவே நெரிசல். கேளுங்கள் பிள்ளை, வெறும் வீதியை மதிப்பிட அரசாங்கம் ஒரு அலகை நியமிக்குமா? அலகு இருக்கிறது. பஜிரோ இருக்கிறது. ஒலிவாங்கி இருக்கிறது. ஆகவே நெரிசல் இருந்தே ஆக வேண்டும். இவ்வளவும் இருந்து நெரிசல் மட்டும் இல்லையென்றால் நான் யார்?”

வதனி புதிய வரைபடத்தைச் சுவரில் விரித்தாள்.

“ஆறு தடம்,” என்றார் பணிப்பாளர்.

வரைபடத்தில் இருபக்கமும் ஒவ்வொரு சிவப்புக் கோடு கூடியிருந்தது. அதனால் ஏர்லின் குசினி நாலாம் தடத்திலிருந்து ஐந்தாம் தடத்துக்குப் பதவி உயர்ந்தது.

“எங்கட மாதாவே,” என்றாள் ஜீன். “நீங்க சும்மா இருந்திருந்தா நாலோட போயிருக்கும் ஏர்ல்.”

“சும்மா இருந்தாலும் வீடு போகும்தானே?”

“போகும். ஆனா நாலோட போகும்.”

இடிக்கும் திகதி கதவில் ஒட்டப்பட்டது. ஏர்ல் வேலைக்குப் போவதை நிறுத்தினார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். சீனித்தம்பி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பார். மஜீட் மீன் கொடுத்துவிட்டுப் போவார். ஊரையே தோணியில் ஏற்றிய ஓடாவியாரால்தான் ஆறு லேன் வருகிறது என்று இரண்டொருவர் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

இடிப்பதற்கு முந்திய கிழமை வதனி ஸ்கூட்டரில் வந்தாள். சாவடியில் இறங்கி உருட்டி வந்ததில் வியர்த்திருந்தது. கையேட்டைத் திறந்து பிடித்தாள்.

“அங்கிள், தடத்துக்குள்ள அசையாம நிக்கிற சாமான் எல்லாத்தையும் கையேடு ரெண்டாத்தான் பிரிக்குது. ஒண்டு இயற்கைத் தடை. அத ஏற்கனவே ஒராளுக்குக் குடுத்திட்டம். ஒரு வீதிக்கு ஒண்டுதான் குடுக்கலாம். மற்றது, நிறுத்தி வைக்கப்பட்ட வாகனம்.”

“அதுக்கு?”

“நிறுத்தி வைச்ச வாகனத்த அலகு இடிக்கேலாது. அது பொலிசுட வேலை. பொலிசுக்கு இழுக்கிற ட்ரக் இல்ல.”

ஏர்ல் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “புள்ள, இது வீடு. உருண்டு போக இதுக்குச் சில்லு இல்ல.”

“சில்லு வேணும் எண்டு கையேட்டுல எழுதல்ல அங்கிள். அசையாம நிக்கோணும். ஆக்கள் ஏறி இறங்கக் கூடியதா இருக்கோணும். கதவு இருக்கோணும். உங்கட கதவு மாதிரி ஒரு கதவு எந்த பஸ்ஸுக்கு இருக்கு?”

பணிப்பாளர் இதை எதிர்ப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அலுவலகத்தில் அவள் சொல்லி முடித்ததும் அவர் எழும்பி நின்று கைகொடுத்தார். கண்ணாமுனை வீதியில் ஒருவழியாக ஒரு வாகனம் கிடைத்துவிட்டது. ஒரு வீட்டின் பெறுமதி எத்தனை கார் என்பதைத் தீர்மானிக்க அலகு முழுநாள் கூடியது. இரண்டு அறைக்கு இரண்டு, குசினிக்கு ஒன்று என்று ஒரு தரப்பு. மாட்டு வண்டியே எட்டு, அதைவிட வேகம் குறைந்த ஒன்றுக்கு மூன்று எப்படிப் போதும் என்று மறுதரப்பு. முடிவில் பதினாறு என்று ஏற்றுக்கொண்டார்கள். பதினாறு காருக்குச் சமமான வாகனம் ஓய்வில்லாமல் இரவு பகலாக நிற்பதால், ஆறு தடமும் தேவைதான் என்பதும் அதே கூட்டத்தில் உறுதியானது.

அலகின் பெயின்ரர் வந்து கதவில் வாகன இலக்கம் எழுதினார்.

“கதவுல எழுதாதீங்க தம்பி, சுவரில எழுதுங்க,” என்றாள் ஜீன்.

“சுவர் வாகனத்துட பக்கப்பாடு அக்கா. முன்பக்கத்துலதான் எழுதணும்.”

“எழுதட்டும் விடு ஜீன்,” என்றார் ஏர்ல். “வீடு தப்பிட்டுது.”

அன்று அவர்கள் கேக் வெட்டினார்கள். மஜீட் பெரிய கொடுவாய் மீன் ஒன்று கொண்டுவந்தார். சீனித்தம்பி வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “ஓடாவியார், டயருக்குக் காத்துப் போதுமா?” என்று கேட்டார். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

மார்கழியில் வீதி திறக்கப்பட்டது. தார் ஒரு தடத்துக்குத்தான் வந்தது. மற்ற ஐந்தும் கிரவல் மண். ஆனால் ஆறுக்கும் குறுக்கு மரம் வந்தது. தடம் கூடினால் தடையும் கூட வேண்டும் என்பதில் இரண்டு திணைக்களங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆட்கள் மட்டும் கூடவில்லை, சார்ஜனும் இரண்டு படைவீரரும்தான். அதனால் ஐந்து மரங்கள் எப்போதும் கீழே கிடந்தன. சனம் பழையபடி ஒரே தடத்தில் இறங்கி உருட்டியது. ஆறு நிமிடம் அப்படியே இருந்தது.

ஐந்தாம் தடத்தின் குறுக்கு மரம் ஏர்லின் வாசலுக்கு நேர்முன்னே விழுந்தது.

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை சார்ஜன் வந்து கதவைத் தட்டினார். பின்னால் பணிப்பாளரும் வதனியும் நின்றார்கள். வதனி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, மன்னிச்சுக்கங்க,” என்றார் சார்ஜன். “வாகனம் சென்ரிக்குள்ள நிக்குது. இறங்குங்க. ஐ.சி. எடுங்க. நடந்து போங்க.”

“எங்க போறது?”

“அந்தப் பக்கம். வாகனம் வந்ததும் ஏறுங்க.”

ஏர்ல் அவரைப் பார்த்தார். “சார்ஜன், இது வராது. இது வீடு. நீங்களே உள்ளுக்கு வந்து பாத்தீங்கதானே? கட்டிலுக்குக் கீழயும் பாத்தீங்க.”

சார்ஜன் சங்கடப்பட்டார். “எனக்குத் தெரியும் ஐயா. ஆனா இலக்கம் எழுதி இருக்கு. இலக்கம் இருந்தா வாகனம். வாகனத்துக்குள்ள ஆள் இருந்து சென்ரி கடக்க ஏலாது. அது பழைய ஓடர். மாத்தி எழுதி வரல்ல.”

ஏர்ல் பணிப்பாளர் பக்கம் திரும்பினார். “ஐயா, இது வாகனமில்ல எண்டு சொல்லுங்க.”

“சொல்லலாம்,” என்றார் பணிப்பாளர் கனிவாக. “அப்படிச் சொன்னால் இன்றைக்கே இடிக்கலாம். இயந்திரம் கிட்டத்தில்தான் நிற்கிறது. உங்களுக்கு எது வசதி?”

ஏர்ல் கதவில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் நின்றார். படியில் நின்றபோது, பஸ்ஸில் இறங்குகிறவரைப்போல, அவருடைய கை தானாக ஒரு கம்பியைத் தேடியது. இறங்கினார்.

“அம்மாவும்,” என்றார் சார்ஜன்.

“நான் இறங்க மாட்டன்,” என்று உள்ளிருந்து ஜீனின் குரல் வந்தது. “கடலுக்கே நான் இறங்கல்ல. பள்ளிக்கூடக் கூரையில ஏறி இருந்தனான். இவருக்கா இறங்கப் போறன்?”

“ஜீன்.”

“நீங்க பேசாதீங்க. பூச்சியம் எடுத்த ஆள்.”

“ஜீன், இறங்காட்டி வீட்ட இடிச்சிடுவாங்க. இறங்கி வா. நாங்க உள்ளுக்கு இல்லாட்டியும் வீடு நிக்கட்டும்.”

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜீன் வந்தாள். ஒரு கையில் அடையாள அட்டை, மற்றக் கையில் மூடி போட்ட சோற்றுச் சட்டி. யாரையும் பார்க்கவில்லை. படியில் இறங்கி, ஏர்லையும் தாண்டி, குறுக்கு மரத்துக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கத்துக்கு நடந்தாள். வெறும் பஸ் ஒன்று அவளுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போனது. சனம் வரிசையில் நடந்தது. சீனித்தம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், நின்று பார்த்துவிட்டுக் கூடவே நடந்தார்.

“சாரதி யார்?” என்று கேட்டார் பணிப்பாளர்.

“சாரதி இல்ல சேர்,” என்றாள் வதனி.

“சாரதியில்லாத வாகனத்தைப் பூட்டாமல் விடக் கூடாது. பாதுகாப்பு.”

சார்ஜன் கையை நீட்டினார். ஏர்ல் காற்சட்டைப் பையைத் துழாவித் திறப்பை எடுத்துக் கொடுத்தார். சார்ஜன் கதவைத் தள்ளினார். அவ்வளவு பாரமான கதவு, அவர் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. அது நிலையோடு போய்ப் பொருந்தியது, ஒரு தாள் நுழைய இடம் இல்லை.

“ஹொந்த கதவு,” என்றார் மறுபடியும், மெதுவாக.

ஏர்ல் திரும்பாமல் நடந்தார். குறுக்கு மரத்துக்குக் குனிந்தபோது பின்னால் பித்தளைப் பூட்டு இரண்டு முறை சுற்றியது.